இடது கையால் போட்ட ஊறுகாய்

ரொகுரோ எங்கள் ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில், நிலம் போதாத ஒரு குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. இங்கே குரோய்வா வீட்டில் ஆண் வாரிசு இல்லை. நோபுயே ஒரே மகள். கல்யாணத்தன்று ரொகுரோ தன் குடும்பப் பெயரை விட்டுவிட்டு மாமனாரின் பெயரை எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அது சகஜம்தான். ஆனால் சகஜம் என்பதற்காக ஊர் சும்மா விட்டுவிடுமா? பொதுக் குளியலறையில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்துகொண்டு ஆண்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். "என்னப்பா குரோய்வா வீட்டு மருமகளே, இன்னைக்குப் பாத்திரம் தேய்ச்சு முடிச்சாச்சா?" என்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கிண்ணத்தைக்கூட நகர்த்தி வைக்கமாட்டார். சமையலறை வாசலைத் தாண்டுவதில்லை என்று அந்த வயதிலேயே முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

மலைப்பாதையில் பேருந்து ஓட்டுவது அவர் வேலை. வெள்ளைக் கையுறை, அழுக்குப்படாத தொப்பி. பனி கொட்டுகிற நாட்களில் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்ட அவரே இறங்கிப் படுப்பார். மறுபடி ஏறும்போது கையுறையை மாற்றிக்கொள்வார். அவர் வண்டியில் ஏறினால் தூங்கலாம் என்று நாங்கள் சொல்வோம். கோபக்காரர் இல்லை, குடிகாரர் இல்லை. ஒரே ஒரு குறை: நாலு பேர் முன்னால் தன் தலை இறங்கிவிடக் கூடாது என்பதில் மட்டும் அவருக்கு ஒரு பயம் இருந்தது.

நோபுயே அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் போட்ட ஊறுகாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டுக்குப் போனால் தேநீரோடு ஊறுகாய் வரும். நொசாவா கீரையைத் தண்டோடு பீப்பாயில் உப்பிட்டு அடுக்கி, மேலே பாரக்கல் ஏற்றி, பனிக்காலம் முழுவதும் வைத்துச் சாப்பிடுவோம். தட்டு நிறைய வெட்டி வைப்பார்கள். தீரத் தீர நிரப்புவார்கள். போகிறவர்கள் வாய் நிறைய மென்றுகொண்டே அந்த வீட்டை எடை போட்டுவிடுவார்கள். குரோய்வா வீட்டுக் கீரை கடித்தால் நறுக்கென்று உடையும். உப்பு தனியாகத் தெரியாது, கீரையின் வாசனையை மேலே தூக்கிக் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்கும். வசந்தகாலக் கோயில் திருவிழாவில் ஊர் முழுவதற்கும் வைக்கிற பெரிய கொப்பரைக் குழம்புக்கு மிசோ என்கிற சோயா விழுதும் உப்பும் போட்டு ருசி பார்க்கிற பொறுப்பும் அவருடையதுதான். வேறு யாராவது ருசி பார்த்தால் கிழவர்கள், "நோபுயே பார்த்தாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிண்ணத்தை நீட்டுவார்கள்.

ரொகுரோ ஓய்வு பெற்றதற்கு அடுத்த வசந்தத்தில் ஒருநாள், நோபுயே அரிசி களைந்துகொண்டிருந்தபோது பாத்திரம் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மழைக்காலத்தில் திரும்பி வந்தார். வலது கை தொங்கிவிட்டது. வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பேச்சு வந்தது, ஆனால் மெதுவாக. ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ போய் எடுத்துக்கொண்டு வருவது மாதிரி வந்தது. புத்தி மட்டும் பழையபடியே தெளிவு.

இனி அடுப்படிக்கு யார் போவது? பிள்ளைகள் தொலைதூர நகரங்களில். ரொகுரோ முதலில் செய்த காரியம், சமையலறை ஜன்னலுக்குத் திரை மாட்டியது. அதன் பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார். நோபுயே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, சோறு வடித்தார்; மிசோ சூப் வைத்தார்; முள்ளங்கியைத் தோல் சீவி இனிப்பும் உறைப்புமாகச் சுண்டவைத்தார். கடைக்குப் போக வேண்டுமே? எங்கள் ஊர்க் கடைக்குப் போகமாட்டார். பேருந்தில் இரண்டு ஊர் தள்ளிப் போய் தோஃபுவும் காய்கறியும் வாங்குவார். வெங்காயத்தாளைச் செய்தித்தாளில் சுற்றி மீன்கூடைக்குள் ஒளித்துக்கொண்டு, தூண்டிலைத் தோளில் சாய்த்தபடி வந்து இறங்குவார். எங்கள் ஆற்றில் மீன்பிடிக்கத் தடை இருந்த மாதத்திலும் அப்படித்தான் வந்தார்.

இலையுதிர் காலம் முடிந்து முதல் உறைபனி விழுந்ததும் கீரை அறுக்கும் பருவம் வந்தது. நோபுயே, இந்த வருஷம் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்றாராம். ரொகுரோவுக்கு அது பொறுக்கவில்லை. புத்தாண்டு கழிந்ததும் அக்கம்பக்கத்து வீட்டார் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் தேநீருக்குக் கூடுவோம். குரோய்வா வீட்டுத் தட்டில் கடை ஊறுகாய் இருந்தால், மாப்பிள்ளை கையில் வீடு தாழ்ந்துவிட்டது என்றல்லவா பேசுவார்கள்? தானே போடுவதாகச் சொன்னார்.

நாங்கள் பெண்கள் எல்லாரும் ஊர்க்கோடியில் வெந்நீர் ஊற்று பாய்கிற கல்தொட்டியில்தான் கீரை அலசுவோம். ரொகுரோ அங்கே வரவில்லை. வீட்டுக் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, ஜன்னலைச் சாத்தி, பட்டப்பகலில் ஒளிந்துகொண்டு அலசினார். நோபுயே வாசற்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வேரை எவ்வளவு வெட்டுவது, தண்டும் இலையும் மாறி மாறி எப்படி அடுக்குவது, ஒவ்வொரு அடுக்குக்கும் உப்பை எப்படித் தூவுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முதல் வருஷம் ரொகுரோ ஒரு சொல்கூட மீறவில்லை. கீரை பிரமாதமாக வந்தது.

தை மாதக் குளிரில் குரோய்வா வீட்டு முறை வந்தது. ஊர்த்தலைவர் உஷியாமா, அவர் மனைவி, பக்கத்து வீட்டுக் கிகுயோ, நான், என் கணவர். போர்வை போர்த்தி, அடியில் கணப்பு வைத்த தாழ்வான மேஜைக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு வாய் கடித்ததும் தலைவர், இது யார் போட்டது என்று ஆச்சரியமாகக் கேட்டார். நோபுயே வாயைத் திறந்தார். சொல் வருவதற்குச் சற்று நேரம் ஆகும் அல்லவா, அதற்குள் ரொகுரோ முந்திக்கொண்டார்.

"இவதான். இடது கையாலேயே எல்லாத்தையும் போட்டுட்டா."

நாங்கள் அசந்துபோனோம். தலைவர் கண்ணில் நீர் கோத்துவிட்டது. நோபுயே தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தோம்.

சில நாள் கழித்து நானும் கிகுயோவும், ஒரே கையால் அந்தப் பாரக்கல்லை எப்படித் தூக்கினீர்கள் என்று கேட்கப் போனோம். நோபுயேவுக்குப் பொய் வராது. முகமெல்லாம் சிவந்து, உண்மையைச் சொல்லிவிட்டார். "அவர்தான் எல்லாம். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே சொல்லிடாதீங்க. ஊருக்குத் தெரிஞ்சா அவர் பொதுக் குளியலறைக்குப் போறதையே நிறுத்திடுவார்." தன் உழைப்பு இல்லாத புகழைச் சுமப்பது அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பது பார்த்தாலே தெரிந்தது. கிகுயோ வாய்த்துடுக்கானவள், ஆனால் வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுவாள். நாங்கள் இருவரும், பின்னர் அதேபோல் கேட்கப் போன தலைவரின் மனைவியும், மூவருமாக அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டோம். ஆண்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும் என்பது ரொகுரோவுக்கும் தெரியாது.

அடுத்த வருஷம் ரொகுரோவுக்குத் தைரியம் வந்துவிட்டது. நோபுயே சொல்வதற்கு முன்பே, தெரியும் தெரியும் என்று சொல்லிவிட்டு அலசினார், அடுக்கினார். ஆனால் கல்லேற்றிய பிறகு பீப்பாயில் தண்ணீர் மேலே வரவில்லை. கீரையின் நீர் ஊறி எழுந்து இலைகளை மூட வேண்டும், மூடாவிட்டால் கெட்டுப்போகும். நோபுயே, இன்னொரு கல் வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள், உப்பு மட்டும் சேர்க்காதீர்கள் என்றார். அவர் சரி என்றார். பீப்பாய் இருந்த கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார்; இன்னும் காய்ந்தே கிடந்தது. பயம் வந்துவிட்டது. கை நிறைய உப்பை அள்ளிப் போட்டார். மறுநாள் மறுபடியும் போட்டார். நோபுயேயிடம் சொல்லவில்லை. கடைசியில் தண்ணீர் எழும்பியது. தன் யோசனை பலித்தது என்று சந்தோஷப்பட்டார்.

குரோய்வா வீட்டு முறை மறுபடி வந்தபோது நாங்கள் கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டோம். ரொகுரோ நோபுயேவுக்கு மேலங்கி மாட்டிவிட்டு மேஜையருகே உட்கார்த்தி வைத்திருந்தார். அவசர அவசரமாகக் கொட்டகைக்குப் போய், பீப்பாய் மேல் படர்ந்திருந்த பனித்தோலை உடைத்து, ஒரு கட்டு எடுத்து அலசி வெட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பீப்பாயிலிருந்து வருகிற முதல் தட்டு அது. வீட்டில் யாரும் ருசி பார்த்திருக்கவில்லை.

தலைவர் வழக்கம்போல வாய் நிறையப் போட்டார். அவர் தாடை அப்படியே நின்றது. தேநீரைக் கையில் எடுத்தார். அவர் மனைவிக்குப் புரையேறியது. நானும் கடித்தேன், உப்பு நாக்கைச் சுட்டது. ரொகுரோவும் ஒரு துண்டு போட்டுக்கொண்டார். அவர் முகம் வெளிறிப்போவதை நான் பார்த்தேன். தலைவர் நல்ல மனுஷர்; இந்த வருஷம் குளிர் அதிகம், உப்பும் கொஞ்சம் தாராளமாக இருக்கிறது என்று சிரித்து மழுப்பினார். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டார் ரொகுரோ.

"போதும் போதும்னு நான் சொன்னேன். கேட்டாத்தானே. நோவு வந்ததிலேர்ந்து இவளுக்கு நாக்கே சரியில்ல. என்ன போடறோம்னு கைக்கும் தெரியல."

நோபுயே அவரைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு கணப்பு மேஜையிலிருந்து காலை இழுத்துக்கொண்டு, பாய்த்தரையில் சரியாக உட்கார்ந்தார். செயலிழந்த வலது கையை இடது கையால் தூக்கி எடுத்துத் தரையில் வைத்தார். அதன் பக்கத்தில் இடது கையை வைத்தார். எங்கள் எல்லாருக்கும் முன்னால் நெற்றி தரையைத் தொடுமளவுக்குக் குனிந்தார்.

"வாய்ல வைக்க முடியாததை... வெச்சுட்டேன். மன்னிச்சுக்கணும்."

ஆண்கள் பதறி, அதெல்லாம் ஒன்றும் இல்லை, சோற்றுக்கு நன்றாக இருக்கும் என்றார்கள். நாங்கள் மூன்று பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் கிகுயோ வாயைத் திறந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அவள் ரொகுரோவையே பார்த்துக்கொண்டு, அந்த உப்புக் கீரையைத் துண்டு துண்டாக எடுத்து மென்றுகொண்டிருந்தாள். ரொகுரோ கோப்பையை எடுத்துத் தேநீர் குடித்தார்.

நாங்கள் போன பிறகு நடந்ததைப் பின்னாளில் அவரே என் கணவரிடம் சொன்னார். நோபுயே திட்டுவார் என்று எதிர்பார்த்துக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே இருந்தாராம், கழுவியதையே மறுபடி கழுவிக்கொண்டு. அவர் திட்டவில்லை. "அந்தக் கீரையைத் தண்ணியில ஊறப் போடுங்க. உப்பு இறங்கினதும் பிழிஞ்சு எண்ணெயில வதக்கலாம்" என்று மட்டும் சொன்னாராம். பீப்பாயோடு வயலில் கொட்டிவிடலாம் என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அதை எள்ளெண்ணெயில் வதக்கி, மாவு உருண்டைக்குள் பூரணமாக வைத்துச் சுட்டுச் சாப்பிட்டார்கள். ருசியாகத்தான் இருந்தது என்றார் ரொகுரோ. 

ஒரு வாய்ச்சொல் அதோடு நின்றிருந்தால் ஒருவேளை காலப்போக்கில் மறந்துபோயிருக்கும். ஆனால் குளியலறையில் ஆண்கள் பேச ஆரம்பித்தார்கள். இந்த நோவில் இரண்டாவது தாக்குதல் வருவதற்கு முன்னால் நாக்குதான் முதலில் போகும், என் சித்தப்பாவுக்கு அப்படித்தான் என்று ஒருவர் சொன்னார். ரொகுரோவின் முதுகைத் தட்டி, உனக்குத்தான் கஷ்டம் என்றார் இன்னொருவர். ரொகுரோ முகவாய்வரை வெந்நீரில் இறங்கிக்கொண்டார்.

பனி உருகத் தொடங்கியபோது தலைவர் உஷியாமா குரோய்வா வீட்டுக்கு வந்தார். சுற்றி வளைத்துப் பேசினார். திருவிழாக் கொப்பரைக்கு இந்த வருஷம் நோபுயே சிரமப்பட வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், ருசி பார்க்கிற வேலையைக் கிகுயோ பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி முடித்தார். அக்கறையாகத்தான் சொன்னார். நோபுயேவுக்குப் புரிந்துவிட்டது. மெதுவாக, இத்தனை காலம் தனக்குக் கொடுத்திருந்ததே பெரிது என்று சொல்லிக் குனிந்தார். ரொகுரோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அன்றும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலைவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, அவர் மாட்டிக்கொள்ள வசதியாகச் செருப்பைத் திருப்பி வைத்தார்.

முதல் தடவை வாய் தவறிச் சொன்னது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ள முடிந்தது. இந்த இரண்டாவது தடவை வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அவரிடம் ஒரு சமாதானமும் இல்லை. அதற்குப் பிறகு அவர் மெலிந்துபோனதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஒருநாள் துணிந்து தலைவர் வீட்டுக்குச் சொல்லப் போனார். தலைவர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தேநீர் வந்தது, ஊறுகாயும் வந்தது. ரொகுரோ அந்தத் தட்டைப் பார்த்தார். பிறகு, மேட்டுப் பாதையில் பனியள்ளும் வண்டி சரியாக வருவதில்லை என்று ஒரு புகாரைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். 

திருவிழாவுக்கு முதல்நாள் கோயில் கூடத்து அடுக்களையில் நாங்கள் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். கொப்பரை முன்னால் கிகுயோ, கடுகடுவென்ற முகத்தோடு. ஆண்கள் முற்றத்தில் உட்கார்ந்து வைக்கோல் புரி முறுக்கிக்கொண்டிருந்தார்கள். ரொகுரோ விறகுக்கட்டைக் கொண்டுவந்து போட்டார். போட்டுவிட்டுப் போகவில்லை. அடுக்களை வாசற்படிக்கு வெளியே நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லணும். அந்த ஊறுகாய்... நோபுயே போட்டதில்ல. நான் போட்டது. அதுக்கு முந்தின வருஷமும் நான்தான். உப்பு போடாதேன்னு அவ சொன்னா. நான்தான் போட்டேன்."

யாரும் கத்தியை நிறுத்தவில்லை. கிகுயோ கரண்டியைக் கொப்பரை விளிம்பில் வைத்தாள்.

"தெரியும் ரொகுரோண்ணே. மொதல் வருஷமே அக்கா எங்ககிட்ட சொல்லிட்டாங்க. உங்க மானம் போயிடக் கூடாதுன்னு எங்க வாயையும் கட்டிட்டாங்க. அன்னிக்கு உங்க வீட்டுல உட்கார்ந்திருந்தமே, பொம்பளைங்க மூணு பேருக்குமே தெரியும். தெரிஞ்சுதான் அக்கா தலை குனியறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்."

ரொகுரோவின் முகத்தை அன்று பார்த்ததுபோல நான் வேறு யார் முகத்தையும் பார்த்ததில்லை. தன் பொய்யை ஒருவரும் அறியமாட்டார்கள், தனக்கும் தன் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துத்தான் அவர் இத்தனை நாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். இப்போது அந்த மேஜையைச் சுற்றி இருந்த ஒவ்வொரு முகமும் அவருக்கு மறுபடி வந்திருக்க வேண்டும். நோபுயே தன்னைக் காப்பாற்ற எங்களிடம் கெஞ்சியிருக்கிறார். அப்படிக் காப்பாற்றியவரையே அவர் எங்கள் முன்னால் கீழே தள்ளியிருக்கிறார். எங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தே நோபுயே தரையில் குனிந்திருக்கிறார். 

கிகுயோவின் குரல் சற்று இறங்கியது. "எங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அக்காகிட்டேர்ந்து கொப்பரையைப் புடுங்கினது அங்க உட்கார்ந்திருக்கறவங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நடுவில் ஒரு சின்ன நடைபாதைதான். அவர் அதைக் கடக்க வெகுநேரம் ஆனதுபோல எனக்குத் தோன்றியது. வாழ்நாள் முழுவதும் எந்த ஆண்களின் சிரிப்புக்குப் பயந்தாரோ அந்த ஆண்களின் நடுவில் போய் நின்று, எங்களிடம் சொன்னதையே சொன்னார். அலங்காரம் எதுவும் இல்லை. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு குளியலறைக் கிண்டல்காரர்களில் ஒருவர், அப்படியானால் பாத்திரமும் நீதான் தேய்க்கிறாயா என்று கேட்டார். ஆமாம், துணியும் துவைக்கிறேன், அவளைக் குளிப்பாட்டுவதும் நான்தான் என்றார் ரொகுரோ. சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தலைவர் சிரிக்கவே இல்லை. மடியில் கிடந்த வைக்கோல் புரியைக் கீழே வைத்தார்.

"நான் உங்க வீட்டுக்கு வந்து கொப்பரை வேண்டாம்னு சொன்னேனே. அன்னிக்கு நீ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே?"

"ஆமா."

தலைவர் எழுந்து தன் சிறு லாரியை எடுத்துக்கொண்டு போனார். தலைவர் குரோய்வா வீட்டு வாசலில் நின்று வெகுநேரம் மன்னிப்புக் கேட்டதாகவும், நோபுயேவுக்கே தர்மசங்கடமாகப் போய்விட்டதாகவும் கேள்விப்பட்டோம். அவரை வண்டியில் உட்கார்த்திக் கூட்டிக்கொண்டு வந்தார். நோபுயே காலைத் தேய்த்துக்கொண்டே கொப்பரையருகே வந்தார். கிகுயோ சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் இடது கையால் வாங்கி, ஒரு மடக்கு வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் மிசோ போடலாம் என்றார். கிகுயோ போட்டாள். ரொகுரோ உள்ளே வரவில்லை. வெளியே நின்று, அடுக்கியிருந்த விறகையே கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தரையில் வைத்துக் குனிந்தாராம். இதை நோபுயே எங்களிடம் சொன்னார். அப்போது தான் சொன்னதையும் சொன்னார்.

"உப்பு போனா போகுது. யாருக்கும் கூடக்குறைய ஆகும். நான் குனிஞ்சிருந்தப்போ நீங்க டீ குடிச்சீங்க. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

ரொகுரோ தலை நிமிரவில்லை. நோபுயே இன்னும் ஒன்று சொன்னார். "எனக்குப் பேச்சு மெதுவாத்தான் வருது. நான் ஆரம்பிக்கறதுக்குள்ள நீங்க முடிச்சுடறீங்க. இனிமே நான் முடிக்கிற வரைக்கும் இருங்க."

அதை அவர் கடைப்பிடித்தார். அதற்குப் பிறகு நோபுயே ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது ரொகுரோ கையிலிருந்ததை வைத்துவிட்டு அப்படியே நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சமையலறை ஜன்னல் திரையையும் கழற்றிவிட்டார். எங்கள் ஊர்க் கடையிலேயே வெங்காயத்தாள் வாங்கினார். ஆண்கள் கொஞ்ச நாள் கிண்டல் செய்தார்கள். பழைய கிண்டல்தான், ஆனால் அதில் பல் இல்லை. தலைவர் மட்டும் அவரோடு வெகுகாலம் அளவாகவே பேசினார்.

அந்த வருஷம் உறைபனி விழுந்ததும், நாங்கள் கல்தொட்டியில் கீரை அலசிக்கொண்டிருந்தபோது, ரொகுரோ தள்ளுவண்டியில் கீரையையும் அதன் மேல் ஒரு பெட்டியில் நோபுயேயையும் உட்கார்த்தித் தள்ளிக்கொண்டு வந்தார். பெண்கள் நகர்ந்து இடம் விட்டோம். முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். காது மடல்வரை சிவந்திருந்தது. வெந்நீரின் ஆவியால் மட்டும் அல்ல. வெள்ளைக் கையுறை மாட்டிப் பழகிய கை அல்லவா, சுத்தமாக அலசினார். கிகுயோ அவர் கட்டிய கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரும் இப்படி ஒரு நாள் வந்தால் வேலையை அவரிடம் விட்டுவிட்டு நான் குளியலறையிலேயே குடியிருப்பேன் என்றாள். நோபுயே சிரித்தார். ரொகுரோ சிரிக்க முயன்றார், வரவில்லை.

அதற்குப் பிறகு குரோய்வா வீட்டு ஊறுகாய் ஒரு வருஷம்கூடக் கெடவில்லை. சில வருஷம் நோபுயே போட்டதைவிட நன்றாகவே இருந்தது. அவரே அதை ஒத்துக்கொள்வார். ஆனால் அவர்கள் வீட்டில் நாங்கள் கூடும்போது ரொகுரோ எங்களோடு உட்காருவதில்லை. தட்டைக் கொண்டுவந்து வைப்பார். இது நான் போட்டது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்வார். உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பனி தள்ளப் போய்விடுவார். ஏற்கெனவே தள்ளிச் சுத்தமாகக் கிடக்கும் வாசலில் அவர் மண்வெட்டி உரசுகிற சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருக்கும். என் கணவர் எழுந்து போய்க் கூப்பிடப் பார்ப்பார். நோபுயே கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்வார்.

"விடுங்க. வருவார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

அவர் இப்படிச் சொல்ல ஆரம்பித்து எத்தனையோ குளிர்காலம் ஆகிவிட்டது.